ஒரு சொட்டு முதுகுத்தண்டு நீர்

குழந்தையின் முதுகிலிருந்து எடுக்கும் நீர் சீக்கிரம் ஆறிவிடும். சின்னக் குப்பியில் இரண்டு மூன்று மில்லி இருந்தாலே அதிகம். வார்டிலிருந்து லேபுக்கு வந்து சேர்வதற்குள் உடம்பின் சூடு அதைவிட்டுப் போய்விடும். 1980-களில் நாகர்கோவில் பக்கம் ஒரு மருத்துவமனை லேபில் நான் சேர்ந்தபோது எனக்கு வேலை பழக்கிய அக்கா, சி.எஸ்.எஃப். என்று நாங்கள் சொல்லும் அந்த நீரின் குப்பி வந்த உடனே கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு அதை வாங்கிக்கொள்வார். யாராவது ஃபிரிட்ஜ் பக்கம் கொண்டுபோனால் சத்தம் போடுவார். "மக்கா, அதை ஐஸுல வச்சிராத. சூடு ஆறிப்போச்சுன்னா அது அனங்காது. அனங்கலன்னா நீ வெள்ளணுன்னு நெனச்சு எண்ணி எழுதிருவ."

அவர் 'அது' என்று சொன்னது நெக்லேரியா ஃபவுலேரி என்ற அமீபாவை. குளம், ஏரி, வெந்நீர் ஊற்று என்று வெதுவெதுப்பான நன்னீரில் பாக்டீரியாவைத் தின்று வாழும் ஒற்றைச் செல் உயிர். குளிக்கிற பிள்ளையின் மூக்கில் தண்ணீர் வேகமாக ஏறினால் கூடவே ஏறி, மோப்ப நரம்பைப் பற்றிக்கொண்டு, மூக்குக்கு மேலே இருக்கும் சல்லடை எலும்பைத் தாண்டி மூளைக்குள் போய்விடும். அதே தண்ணீரைக் குடித்தால் இந்த நோய் வராது. மூளைக்குப் போய்விட்டால் நூறு பேரில் தொண்ணூற்றைந்துக்கும் மேல் இறந்துபோகிறார்கள், பெரும்பாலும் அறிகுறி தொடங்கி ஒரு வாரம் பத்து நாளுக்குள். இறப்பவர்களில் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர்.

எண்ணும் கண்ணாடியில் பார்த்தால் நியூட்ரோஃபில் அணுவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெள்ளணு ஏராளமாக இருக்கும், சர்க்கரை குறைந்திருக்கும், கிராம் சாயத்தில் பாக்டீரியா ஒன்றுகூடத் தெரியாது. அந்த நேரத்தில்தான் சாயம் போடாத ஒரு சொட்டைக் கவர் ஸ்லிப்புக்கு அடியில் வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, பொறுமையாக உட்கார வேண்டும். மழுங்கலான ஒரு கை முன்னால் நீண்டு, உடம்பு அதற்குள் வழிந்து போனால் அது வெள்ளணு இல்லை. நான் வேலை பார்த்த காலம் முழுவதும் சந்தேகமான ஒவ்வொரு குப்பியிலும் அதைத் தேடினேன். ஒருமுறைகூட என் கண்ணில் பட்டதில்லை. படாத ஒன்றைத் தேடச் சொல்லி ஒரு தொழில் பழக்கியிருக்கிறதே, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று படிக்கத் தொடங்கினேன். இன்று அதே சொட்டில் மிதக்கும் மரபணுத் துண்டுகளைப் படித்து நோயைச் சொல்கிறார்கள். அந்த இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதற்கு முந்தைய அறுபது வருஷத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

தெற்கு ஆஸ்திரேலியாவில் ஸ்பென்சர் வளைகுடாவின் தலைமாட்டில் இருக்கும் ஊர் போர்ட் அகஸ்டா. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வறண்ட பூமி. குடிதண்ணீர் மரே ஆற்றிலிருந்து, மார்கன் என்ற ஊரில் தொடங்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாயில் வந்தது. 1944-இல் திறந்த அந்தக் குழாய் பெரும்பாலும் தரைக்கு மேலேயே ஓடியதால் வெயில் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே வந்தது. அந்தப் பக்கத்தில் குழந்தைகள் உட்பட சில பேர் மூளைக்காய்ச்சலில் இறந்தார்கள். சீழ் இருந்தது, பாக்டீரியா வளரவில்லை. அடிலெய்ட் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்குறியியலாளர் மால்கம் ஃபவுலர், பிரேதப் பரிசோதனையில் எடுத்த மூளைத் துண்டுகளில் அமீபாக்களைப் பார்த்தார். அவரும் ரோட்னி கார்ட்டரும் 1965-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நான்கு சாவுகளைப் பற்றி எழுதினார்கள். தலைப்பிலேயே 'அநேகமாக அகாந்தமீபா' என்று போட்டிருந்தார்கள். இனம் அதுவல்ல என்பது பிறகு தெரிந்தது. ஆனால் நிச்சயம் இல்லாததை நிச்சயம் இல்லை என்று தலைப்பிலேயே சொன்ன அந்த நேர்மையால்தான் அடுத்தவர்கள் மேலே தேட முடிந்தது.

அகாந்தமீபா என்று அவர்கள் நினைத்ததற்கும் காரணம் உண்டு. கொழும்பில் பாக்டீரியா ஆய்வகத்தை நடத்திய இத்தாலியர் ஆல்டோ காஸ்டெல்லானி, இலங்கையைவிட்டுப் போன பல வருஷங்களுக்குப் பிறகு 1930-இல், தன் ஈஸ்ட் வளர்ப்பில் அழையா விருந்தாளியாக வந்த அமீபா ஒன்றைக் கண்டார். இன்றும் அந்த இனத்துக்கு அவர் பெயர்தான். 1958-இல் அமெரிக்காவில் கிளைட் கல்பர்ட்சன் போலியோ தடுப்பூசி வேலையில் குரங்குச் சிறுநீரகச் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தபோது அதேபோல் ஒரு அமீபா புகுந்தது. அது செலுத்தப்பட்ட எலிகளும் குரங்குகளும் மூளை அழிந்து செத்தன. தண்ணீரிலும் மண்ணிலும் தன்பாட்டுக்குத் திரியும் அமீபா மூளையைத் தாக்கும் என்று உலகத்துக்கு முதலில் சொன்னது அந்த விலங்குகள்தான். மனிதனுக்கும் அப்படி வரலாம் என்று கல்பர்ட்சன் எழுதி ஏழு வருஷம் கழித்துத்தான் அடிலெய்டிலிருந்து பதில் வந்தது.

இதன் பிறகு நடந்ததுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் உலுக்கியது. அடிலெய்ட் கட்டுரையைப் படித்தவர்கள் தங்கள் ஊர்ப் பழைய அலமாரிகளைத் திறந்தார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா மருத்துவக் கல்லூரியில் பத்திரப்படுத்திய பிரேதப் பரிசோதனைக் கண்ணாடிகளைத் திரும்பப் பார்த்தபோது 1937-இல் இறந்த ஒருவரின் மூளையில் அமீபா இருந்தது. செக்கோஸ்லோவாக்கியாவில் ஊஸ்தி நாத் லாபெம் என்ற ஊரில் 1962 முதல் 1965 வரை இளம் வயதினர் 16 பேர் இறந்திருந்தார்கள். எல்லோரும் ஒரே உள்ளரங்க நீச்சல் குளத்தில் குளித்தவர்கள். செர்வாவும் நோவாக்கும் பாதுகாத்து வைத்த திசுக்களை மறுபடி பார்த்து 1968-இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். குளத்துச் சுவரின் பின்னால், சேதமான ஓர் இடைவெளியில், அமீபா தங்கியிருந்ததை அதற்கும் பல வருஷம் கழித்துக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பதினாறு பேரின் கண்ணாடிகளும் ஏற்கெனவே ஒருமுறை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இருந்தவைதான். படம் அங்கேயே இருந்தது. என்ன தேட வேண்டும் என்று சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. கண்ணாடிகளை யாரும் தூக்கிப் போடாமல் இருந்ததால் உண்மை பிழைத்தது.

கார்ட்டர் விடாமல் வேலை செய்தார். நோயாளிகளிடமிருந்து எடுத்த அமீபாவை வளர்த்தார், எலியின் மூக்கில் விட்டு அது மூளைக்குப் போகும் வழியைக் காட்டினார். பூஞ்சைக்கு எதிரான ஆம்ஃபோடெரிசின்-பி மருந்துக்கு அது சாகிறது என்று 1969-இலேயே சொன்னார். 1970-இல் அந்த இனத்துக்கு ஃபவுலரின் பெயரை வைத்தார். 1970-களில் குழாய்த் தண்ணீரில் குளோரின் கலக்கும் முறை தெற்கு ஆஸ்திரேலியாவில் இறுக்கப்பட்டது. 1978-இல் கலிஃபோர்னியாவில் வெந்நீர் ஊற்றில் குளித்த ஒன்பது வயதுச் சிறுமி அந்த ஆம்ஃபோடெரிசின் உள்ளிட்ட மருந்துகளால் உயிர் பிழைத்தாள். அவளுடைய முதுகுத்தண்டு நீரில் அமீபா அசைவதை சீக்கிரமே பார்த்துவிட்டார்கள்.

இனி வேறோர் அமீபா. 1986-இல் அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குப் பூங்காவில் மான்ட்ரில் என்ற குரங்கு, கர்ப்பிணி, மூளை நோயில் செத்தது. அதன் மூளைத் திசு அட்லாண்டாவில் இருக்கும் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.க்குப் போனது. அங்கே வேலை பார்த்தவர் இந்தியாவில் பிறந்த கோவிந்த விஸ்வேஸ்வரா. வழக்கமாக அமீபாவைப் பாக்டீரியா தடவிய அகாரில் வளர்ப்போம். இது பாக்டீரியாவைத் தொடவில்லை. பாலூட்டிகளின் செல்களைக் கொடுத்தபோதுதான் வளர்ந்தது. அதுவரை தெரிந்த எந்தப் பேரினத்திலும் அது அடங்கவில்லை. பெர்க்லி பேராசிரியர் வில்லியம் பாலமுத்தின் நினைவாக 1993-இல் அதற்கு பாலமூதியா மான்ட்ரில்லாரிஸ் என்று பெயர் வைத்தார்கள். முயல் உடம்பில் அதற்கு எதிர்ப்புரதம் உண்டாக்கி, ஒளிரும் சாயம் சேர்த்து, பழைய நோயாளிகளின் கண்ணாடிகளில் போட்டுப் பார்த்தார்கள். வேறு பெயர்களில் முடித்துவைத்த சாவுகள் பல பாலமூதியாவாக ஒளிர்ந்தன. மறுபடியும் அலமாரி பேசியது.

பிறகு மரபணுத் துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். காலம். 2006-இல் சி.டி.சி. குழு அகாந்தமீபா, பாலமூதியா, நெக்லேரியா ஃபவுலேரி மூன்றையும் ஒரே சோதனையில் பிரித்துச் சொல்லும் முறையை வெளியிட்டது. சில மணி நேரத்தில் விடை. ஆனால் பி.சி.ஆரிடம் இது இருக்கிறதா என்று பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். எதைக் கேட்பது என்று டாக்டருக்குத் தோன்றாவிட்டால் அது வாய் திறக்காது.

மரபணு வரிசை படிக்கும் முறையில் அந்தத் தேவை இல்லை என்பதுதான் அதன் பெருமை. நீரில் இருக்கும் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. எல்லாவற்றையும் எடுத்துத் துண்டு துண்டாகப் படித்துவிடுவார்கள். பல நூறு ஓலைச்சுவடிகளைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கலந்து கொட்டிவிட்டு, ஒவ்வொரு நறுக்கும் எந்தச் சுவடியைச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பது போன்ற வேலை. கொட்டியதில் ஏறக்குறைய எல்லாமே குழந்தையின் சொந்தச் சுவடி. அதைக் கணினி ஒதுக்கிய பிறகு கொஞ்சம் மிஞ்சும். 2014-இல் அமெரிக்காவில் நோய் எதிர்ப்பு இல்லாமல் பிறந்த 14 வயதுச் சிறுவனின் முதுகுத்தண்டு நீரில் படித்தவை 30,63,784 துண்டுகள். அவற்றில் 475 மட்டும் எலிக்காய்ச்சல் கிருமியினுடையவை. மூளைத் திசுவை எடுத்துப் பார்த்தும் தெரியாத நோய் இரண்டு நாளில் தெரிந்தது. பென்சிலின் கொடுத்தார்கள், பையன் எழுந்து வீட்டுக்குப் போனான். அது பாக்டீரியா, ஒட்டுண்ணி அல்ல. ஆனால் அந்த 475 துண்டுகள்தான் மற்றவர்களுக்கும் வழி திறந்தன.

அடுத்த வருஷமே பாலமூதியா வந்தது. 15 வயதுப் பெண் ஒருத்தி மூளை அழற்சியோடு மருத்துவமனையில் சேர்ந்தாள். ஆறாம் நாள் எடுத்த முதுகுத்தண்டு நீரையும் மூளைத் திசுவையும் சார்ல்ஸ் சியூவின் குழு சான்ஃபிரான்சிஸ்கோவில் படித்தது. பாலமூதியாவின் ரைபோசோம் மரபணுத் துண்டுகள் கிடைத்தன. திசுவில் அமீபாவையும் பார்த்தார்கள். பி.சி.ஆர். உறுதிசெய்தது. பெண் பிழைக்கவில்லை. குழு அதோடு நிறுத்தவில்லை. அவள் சேர்ந்த முதல் நாளிலேயே எடுத்து வைத்த நீர் மிச்சம் இருந்தது. அதையும் படித்தார்கள். முதல் நாள் நீரிலும் பாலமூதியா இருந்தது, ஆனால் மிகக் குறைவாக. அன்றைக்குப் பொதுக் களஞ்சியத்தில் இருந்தவை அந்த உயிரின் சில மரபணுக்கள்தான். கையில் இருந்த நறுக்குகள் அந்தச் சில பக்கங்களில் விழவில்லை. முழு மரபணுத் தொகுப்பு இருந்தால்தான் முதல் நாளே சொல்லியிருக்க முடியும் என்று அவர்களே எழுதினார்கள்.

அந்த முழுத் தொகுப்பையும் அதே கட்டுரையில் அவர்கள் கொடுத்தார்கள். அளவு 442 லட்சம் எழுத்துகள். அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் என் மனம் நிற்கிறது. பாலமூதியாவிலிருந்து தப்பிய அபூர்வமான ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து, சாகவிடாமல் வளர்த்துப் பாதுகாத்த அமீபா அது. ஒப்பிடுவதற்கு வேறு வகைகளும் இருந்தன. பெயர் தெரியாத டெக்னீசியன்கள் வேளை தவறாமல் செல்களைக் கொடுத்து, குடுவை மாற்றி, குளிரில் உறையவைத்து, சீட்டில் எண் எழுதி அவற்றைக் காப்பாற்றியிருப்பார்கள். இந்தத் தொழிலில் இருந்தவள் என்பதால் அந்த உழைப்பு எவ்வளவு சலிப்பானது, யாருமே பாராட்டாதது என்று எனக்குத் தெரியும். வரிசை படிக்கும் இயந்திரம் புத்தகத்தை எழுதுவதில்லை. எழுதி வைத்திருந்தால் படிக்கும்.

எழுதி வைத்ததும் சுத்தமாக இருக்க வேண்டும். ஒட்டுண்ணிகளின் வரிசைகள் பலவற்றில் அவை வளர்ந்த மனித அல்லது விலங்குச் செல்லின் டி.என்.ஏ. கலந்துபோய்க் களஞ்சியத்தில் ஏறியிருக்கிறது. அப்படிப்பட்ட களஞ்சியத்தோடு ஒப்பிட்டால் குழந்தையின் சொந்த மரபணுவே ஒட்டுண்ணியாகத் தோன்றும். 2019-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த பல மருத்துவமனை ஆய்வில் 204 நோயாளிகளிடம் 58 மூளைத் தொற்றுகள் உறுதியாயின. அவற்றில் 13, மரபணுப் படிப்பில் மட்டுமே அகப்பட்டவை. அந்தப் பதின்மூன்றை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதே சமயம், நெக்லேரியா குழந்தைக்கு வாரக் கணக்கில் நாள் தருவதில்லை. மாதிரியைத் தொலைதூர நகரத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் மூளை வீங்கிவிடும். அங்கே சூடு ஆறாத சொட்டும் சாதாரண மைக்ராஸ்கோப்பும்தான் முதலில்.

இந்தியாவுக்கு இது புது நோயுமல்ல. பானும் கோஷும் இரண்டு இந்தியக் குழந்தைகளைப் பற்றி 1971-இலேயே இந்திய மருத்துவச் சங்க இதழில் எழுதினார்கள். 2002-இல் மங்களூரிலிருந்து வந்த குறிப்பு ஐந்து மாதக் குழந்தையைப் பற்றியது. நீந்தப் போகும் வயதே இல்லை. கேரளத்தில் முதலில் அறியப்பட்டது 2016-இல், ஆலப்புழாவில். 2024 மே முதல் ஜூலைத் தொடக்கம் வரை மலப்புரம், கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து எல்லை தாண்டினால் கேரளம். அதே குளங்கள், அதே படித்துறைகள், மூக்கைப் பொத்தாமல் குதிக்கும் அதே வயதுப் பிள்ளைகள். அந்த வாரங்களில் எங்கள் தெருவில் பேச்செல்லாம் இதுதான்.

அதே ஜூலையில் கோழிக்கோடு மாவட்டத்தின் 14 வயதுப் பையன் ஒருவன் பிழைத்தான். முந்தைய சாவுகளைப் பற்றிய விழிப்புணர்வுச் செய்தியைப் பார்த்திருந்த தந்தை, பையன் குளத்தில் குளித்ததை மருத்துவமனையில் உடனே சொன்னார். டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள், சீக்கிரமே நோயைக் கண்டார்கள், மற்ற மருந்துகளோடு மில்ட்டெஃபோசினும் கொடுத்தார்கள். காலா அசார் என்ற ஒட்டுண்ணி நோய்க்காக அந்த மாத்திரையை உலகத்தில் முதன்முதலில் 2002-இல் அனுமதித்த நாடு இந்தியா. பிகார் நோயாளிகள் சோதனைக்கு உடம்பைக் கொடுத்து நிரூபித்த மருந்து அது. அப்படியிருந்தும் அந்த மாதம் கேரளத்துக்கு அது ஜெர்மனியிலிருந்து வர வேண்டியிருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2025-இல் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் என்று பதிவானவை நூறைத் தாண்டின. நெக்லேரியா மட்டுமல்லாமல் அகாந்தமீபா போன்றவையும் அதில் சேர்த்தி. தேடுகிறார்கள், அதனால் அகப்படுகிறது.

இத்தனை நோயாளிகள் வருகிற இடத்தில் இன்னொரு வேலையும் நடக்க வேண்டும். ஒவ்வொருவரிடமிருந்தும் அமீபாவை வளர்த்துப் பார்க்க வேண்டும், வளர்ந்ததைக் காப்பாற்ற வேண்டும், அதன் முழு மரபணுவையும் படித்து எல்லோரும் எடுக்கக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும். அமெரிக்காவில் காப்பாற்றிய வகைகள் பெரும்பாலும் அந்த மண்ணுக்கும் தண்ணீருக்கும் உரியவை. வேம்பநாட்டுக் காயலிலும் எங்கள் பேச்சிப்பாறைக் கால்வாயிலும் என்ன இருக்கிறது என்று இங்கே எடுத்தால்தான் தெரியும். இதற்குப் பெரிய இயந்திரம் ஒவ்வொரு ஊரிலும் வேண்டாம். முதுகிலிருந்து நீர் எடுக்கிற டாக்டரும் லேபும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் போதும். முதல் சில சொட்டு சூடாகவே, சாயம் போடாமல் கவர் ஸ்லிப்புக்கு அடியில் பார்க்க, அடுத்தது பி.சி.ஆருக்கு, கொஞ்சம் ஈ.கோலை தடவிய அகாருக்கு, அரை மில்லி மிஞ்சினால் அது −80 டிகிரி உறைபெட்டிக்கு, தேதியும் எண்ணும் அழியாத மையில் எழுதி. பாலமூதியா சந்தேகம் இருந்தால் அகார் போதாது, செல் வளர்ப்பு இருக்கும் இடத்துக்கு அன்றைக்கே ஆள் அனுப்ப வேண்டும்.